படுத்துக் கிடந்த அருவி

அப்பாவின் முதல் வருஷத் தெவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தை போன் செய்தாள். 2019 ஐப்பசி. நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"ஏல, எங்கண்ணன ஏம்ல படுக்கப் போட்டு வச்சிருக்க?"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் ராத்திரி அப்பாவுக்காக ஒரு பக்கம் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக. பெரிய வேலை ஒன்றுமில்லை. பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, நான்கு வரி, ஒரு படம். அந்தப் படம் 2017 சாரல் சீசனில் குற்றாலம் பேரருவிக்கு முன்னால் என் போனில் எடுத்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல், ஈர வேட்டியோடு அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் அருவி. ஓரத்தில் ஒரே கூட்டம், யாரோ ஒருவருடைய எண்ணெய்க் கை, ஒரு பிளாஸ்டிக் வாளி. அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றி, தரம் குறையாமல் ஓரத்தை மட்டும் வெட்டுகிற கருவி ஒன்றால் கூட்டத்தை வெட்டிவிட்டு, அதே பெயரில் சேமித்துவிட்டேன். மூலப்படம் அந்த வருஷமே போனோடு போய்விட்டது. மிஞ்சியது வெட்டிய பிரதிதான்.

என் போனில் பார்த்தபோது அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். அத்தை பார்த்தது மகனுடைய லேப்டாப்பில். அங்கே அப்பா இடப்பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் பேரருவி இடமிருந்து வலமாக, தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, படத்துல தப்பு ஒண்ணும் இல்ல. பிரவுசர்ல ஏதோ கோளாறு."

"பெரவுசரோ கிரவுசரோ, ஐப்பசி முடியறதுக்குள்ள நிமித்தி வைல. பாக்கச் சகிக்கல."

படம் தப்பாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: கோளாறு படத்திலா, படத்தில் இருக்கும் பொருளிலா? கேலிக்குச் சொல்லவில்லை. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரம் நெடுங்காலம் இடிந்து, இரண்டாகப் பிளந்த நிலையில் நின்றது. இப்போது இருக்கும் ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990இல். அதற்குப் பிறகு பிறந்த ஒரு தம்பிக்குப் பழைய கோபுரத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அனுப்பினேன். "அண்ணே, நடுவுல லோடு ஆகல, திரும்ப அனுப்புங்க" என்றான். படம் சரியாகத்தான் இருந்தது. கோபுரம்தான் முழுசாக இல்லை.

அருவி விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

வழக்கமான சடங்குகளைச் செய்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். சேமித்து வைத்த பழைய பிரதியைக் காட்டுகிறதோ என்று தற்காலிகச் சேமிப்பைக் காலி செய்தேன். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டு விண்டோஸில் எதுவானாலும் சரி என்று சிரிக்கிற பெயர், லினக்ஸ் சர்வருக்குப் போனதும் 'அப்படி ஒரு ஆளே இல்லை' என்று கைவிரித்துவிடும். ஆனால் அப்படியானால் படமே வந்திருக்காது. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடைகளிலிருந்து வரும் படங்களில் வேறொரு சிக்கல் உண்டு. அச்சுக்கான நான்கு மை நிறத்தில் சேமித்திருப்பார்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதைத் திறக்கத் தெரியாமல் சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டும். இது அதுவும் இல்லை. நிறம் சரி, அளவு சரி, ஆள் சரி. திசைதான் தப்பு.

கடைசியாக, படத்தை மட்டும் தனியாக ஒரு புதிய தாவலில் திறந்தேன். அப்பா எழுந்து நின்றார்.

அதே பிரவுசர், அதே கோப்பு. பக்கத்துக்குள் வைத்தால் படுக்கிறார், தனியே திறந்தால் நிற்கிறார். பத்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, இதைப் பார்த்து வாயடைத்து உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி படிக்க ஆரம்பித்தது, பிழை திருத்தத்திலிருந்து நழுவிச் சரித்திரத்துக்குள் போய்விட்டது.

குற்றாலத்தில் சித்திர சபை என்று ஒன்று இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம் என்றால் இங்கே சித்திரம். ஆடுகிற சாமிக்கு இங்கே சிலை கிடையாது, சுவரில் எழுதிய ஓவியம்தான். மார்கழித் திருவாதிரைக்குத் தீபாராதனை அந்த ஓவியத்துக்குத்தான். சீசனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதை எட்டிப் பார்க்காமல் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அது வேறு வருத்தம். சுவர்ச் சித்திரத்துக்கு எது தலைப்பக்கம் என்று யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. சுவர் நிற்கிறவரை படமும் நிற்கும். சுண்ணாம்பு உதிரலாம், நிறம் மங்கலாம், ஆனால் படுக்காது. படம் சுவரை விட்டு இறங்கிக் கைக்கு வந்த பிறகுதான் 'இதில் மேல் எது?' என்ற கேள்வியே பிறக்கிறது.

கைப்படக் காலத்து ஆள் என் மாமா. தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பிரிண்ட் போட்ட படங்களின் முதுகில் பென்சிலால் சின்னதாக ஒரு அம்புக்குறி போடுவார். ஆள் படத்துக்கு எதற்கு மாமா என்று கேட்டால், "ஆளுக்கு இல்லல. பாறை, தண்ணி, மேகம் இதுக்குத்தான். லேமினேஷன் கடைக்காரன் தலைகீழா ஒட்டிருவான்" என்பார். சுருளிலிருந்து வெட்டிய நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் அவர் தேடுவது முகத்தை இல்லை, சட்டைப் பையை. பை இடது நெஞ்சில் இல்லாமல் வலது பக்கம் வந்தால் நெகட்டிவ் புரண்டிருக்கிறது. பெண்கள் என்றால் முந்தானை எந்தத் தோளில் என்று பார்ப்பார். இந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் ஒரு படம் பிரிண்டுக்கே போகும்.

டிஜிட்டல் படத்துக்கும் அதே பென்சில் அம்புக்குறி உண்டு. அது ஒரு எண். 1980களில் ஸ்கேனர் படங்களுக்காக ஆல்டஸ் நிறுவனம் உருவாக்கிய டிஃப் என்ற கோப்பு வடிவத்தில் 274 என்ற இலக்கமிட்ட ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 1 முதல் 8 வரை ஏதாவது ஒரு எண் வரலாம். 1 என்றால் இருக்கிறபடியே காட்டு. 3 என்றால் தலைகீழாய் இருக்கிறது, புரட்டு. 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்று சுற்று. 8 என்றால் இடப்பக்கம் கால் சுற்று. 2, 4, 5, 7 ஆகிய நான்கும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்ட படங்களுக்கு. மாமாவின் சட்டைப் பைச் சோதனை அத்தனையும் இந்த எட்டு எண்ணில் அடங்கிவிடுகிறது. ஆனால் 1992இல் வந்த டிஃப் ஆறாம் பதிப்பு ஒரு சலுகையும் கொடுத்தது: அடிப்படை வாசிப்பான்கள் 1ஐத் தவிர மற்றதைப் புரிந்துகொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. பிரச்சினையின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

அதே 1992இல் ஜேபெக் தரமாகிறது. படத்தை எப்படிச் சுருக்குவது என்று அது விரிவாகச் சொன்னது. கோப்பாக எப்படிக் கட்டுவது என்பதை முழுசாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப சி-கியூப் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த எரிக் ஹாமில்டன் ஒரு சின்ன ஆவணம் எழுதினார். ஜேஃபிஃப் என்று பெயர். சில பக்கங்கள்தான். இணையத்து ஜேபெக் படங்கள் அதன் தோளில்தான் ஏறி வந்தன. அது திசையைப் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது: படம் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் இருக்கும், கோப்பில் முதலில் வருவது இடது மேல் மூலை. அவ்வளவுதான். அம்புக்குறிக்கு வேலையே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, 1995இல், ஜப்பானில் கேமரா செய்கிறவர்களின் பக்கமிருந்து இன்னொரு ஆவணம் வருகிறது. ஜெய்டா என்ற மின்னணுத் தொழில் சங்கம் வெளியிட்ட எக்சிஃப். கேமரா வகை, தேதி, வெளிச்சம் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் ஏற்பாடு. அதற்குள் டிஃப்பின் அந்த 274ஆம் கட்டமும் வந்து உட்கார்ந்தது. கேமராக்காரர்களுக்கு அது அவசியம். கேமராவின் சென்சார் எப்போதும் ஒரே வரிசையில்தான் படிக்கும், நீங்கள் கேமராவை நட்டமாகப் பிடித்தாலும் படுக்கையாகப் பிடித்தாலும் அதற்குக் கவலையில்லை. படிக்கப்பட்ட லட்சக்கணக்கான பிக்சலைச் சுற்றி அடுக்குவது அந்தக் காலத்துக் குட்டி நினைவகத்துக்குப் பெரிய பாரம். அதற்குப் பதில் ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டால் போதும். சுற்றுகிற வேலையைப் படிக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது ஒரே கோப்பில் இரண்டு சட்டம். ஒன்று சொல்கிறது, முதல் பிக்சல்தான் மேல் மூலை, வேறு பேச்சே இல்லை. இன்னொன்று சொல்கிறது, உள்ளே ஓர் எண் எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்துத் திருப்பு. இதில் ரசமான சண்டை ஒன்று உண்டு. ஜேஃபிஃப் தன் குறிப்பு கோப்பின் தொடக்கக் குறிக்கு அடுத்தபடியே வர வேண்டும் என்கிறது. எக்சிஃப்பும் தன் குறிப்பு அதே இடத்தில்தான் வர வேண்டும் என்கிறது. ஒரு நாற்காலிக்கு இரண்டு மாப்பிள்ளை. இரண்டு விதியையும் ஒருசேர மதிக்கிற கோப்பை யாராலும் செய்ய முடியாது. நடைமுறையில் எல்லோரும் கண்டுகொள்ளாமல் இருந்துதான் உலகம் ஓடுகிறது.

பிரவுசர்கள் இந்தக் கதையில் முதல் சட்டத்தின் பக்கம் பிறந்தவை. 1993 பிப்ரவரி 25 அன்று, மொசைக் பிரவுசர் எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள்ளேயே படம் காட்ட ஒரு குறிச்சொல் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி ஒன்றுதான் அதற்கு வேண்டும். அப்போது எக்சிஃப் என்று ஒன்று கிடையாது. படம் என்றால் ஸ்கேன் செய்தது அல்லது கணினியிலேயே வரைந்தது. எந்தப் பக்கம் மேல் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கேமரா போனுக்குள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. போனை நட்டமாகப் பிடித்துத்தான் எல்லோரும் எடுக்கிறோம். அதனால் நம் படங்களில் பெரும்பாலானவை உள்ளே படுத்துக்கொண்டுதான் இருக்கின்றன, 6 என்ற எண் மட்டும் தலைமாட்டில் எழுதியிருக்கிறது. அந்த எண்ணை எழுதுவது போனுக்குள் இருக்கும் சின்ன முடுக்கமானி. பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உணர்ந்து சொல்கிறது. அதாவது, அருவித் தண்ணீர் எதைக் கேட்டு விழுகிறதோ அதையேதான் அதுவும் கேட்கிறது. இதனால்தான் கோலத்தையோ, வாழை இலையையோ, ரேஷன் கார்டையோ நேர் மேலிருந்து எடுத்தால் படம் சில சமயம் கோணலாக வருகிறது. போன் வானத்துக்கு முகத்தைக் காட்டிப் படுத்திருக்கும்போது, மேல் என்று ஒரு பக்கம் அதற்குத் தெரிவதில்லை. பழைய எண்ணையே எழுதிவிடும்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தவை போன் கேலரிகள், கணினியின் படம் பார்க்கும் மென்பொருள்கள். பிரவுசர்களுக்கும் தெரியாமல் இல்லை. தனியாகப் படத்தைத் திறந்தால் பல பிரவுசர்கள் எண்ணை மதித்தே காட்டின. பக்கத்துக்குள் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டன. அப்பா புதிய தாவலில் எழுந்து நின்றது அதனால்தான். என் போனின் பிரவுசர் எல்லா இடத்திலும் எண்ணைப் படிக்கிற ரகம். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது, பயம்தான். உலகத்தில் ஏற்கனவே இருக்கிற கோடிக்கணக்கான பக்கங்களில் ஆள்கள் தாங்களாகவே படத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். பிரவுசரும் திடீரென்று திருப்ப ஆரம்பித்தால், நின்றுகொண்டிருக்கும் படங்கள் படுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் 2013லேயே, வேண்டுமென்று கேட்கிற பக்கத்துக்கு மட்டும் எண்ணைப் படித்துத் தருகிற வசதியைக் கொண்டுவந்தது. கேட்காதவர்களுக்குப் பழையபடியே.

எனக்கு இதெல்லாம் தெரிந்தபோது மணி இரண்டு. சரியான வழி, படத்தின் பிக்சலையே சுற்றிவிட்டு எண்ணை 1 ஆக்குவது. அது தெரிந்தும் நான் செய்தது ஒரு வரி சி.எஸ்.எஸ்: இந்தப் படத்தை வலப்பக்கம் தொண்ணூறு பாகை சுற்று. போனில் வேறு மாதிரி வரும் என்பதால் அகலமான திரைக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை. அப்படிச் சுற்றினால் படம் திரும்பும், ஆனால் பக்கத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் திரும்பாது. அப்பாவின் கால், மறைந்த தேதி மேல் வந்து நின்றது. கொஞ்சம் இடைவெளி கூட்டி அதையும் ஒப்பேற்றினேன். தெவசம் நல்லபடியாக முடிந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது நான் தென்காசி வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடியில் லேப்டாப், கீழே அம்மா. அந்த வருஷம் சாரல் காலம் வந்து பேரருவியில் தண்ணீர் கொட்டியபோதும் குளிக்க ஒருத்தரையும் விடவில்லை. அது பிறகு. ஏப்ரல் மாதம் ஒரு நாள் அத்தை மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஏல, மறுபடியும் படுக்க வச்சிட்டியே. போன தடவ அந்தப் பக்கம் தல இருந்துச்சு, இப்ப இந்தப் பக்கம் இருக்கு."

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை கூர்மை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா வலப்பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார். அருவி வலமிருந்து இடமாக ஓடியது. போன தடவைத் தப்பிலாவது ஊர் நியாயம் ஒன்று இருந்தது. வரைபடத்தில் சிற்றாறு மேற்கே மலையில் பிறந்து கிழக்கே வருகிறது, இடமிருந்து வலமாக. இந்தத் தடவை அதைச் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குத் திருப்பி விட்டிருந்தேன்.

நான் எதையும் தொடவில்லை. பிரவுசர்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்த வசந்தத்தில் பிரவுசர்கள் எல்லாம் கட்சி மாறின. மார்ச்சில் சஃபாரி 13.1, ஏப்ரலில் குரோம் 81, ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 77. இனிமேல் யாரும் கேட்காமலேயே எக்சிஃப் எண்ணைப் படித்துப் படத்தை நிமிர்த்துவோம் என்பது புதிய முடிவு. குரோம் 81 மார்ச் மத்தியில் வந்திருக்க வேண்டியது. உலகமே வீட்டுக்குள் முடங்கியிருக்கும்போது எதையாவது உடைத்துவிடக் கூடாது என்று தள்ளிப்போட்டு ஏப்ரல் 7 அன்று விட்டார்கள். 82ஆம் பதிப்பு வரவே இல்லை, நேரே 83க்குத் தாவினார்கள். சரித்திரத்தில் நோய்க்கு இரையான பதிப்பு எண் என்று ஒன்று இருக்குமானால் அது 82தான்.

இருபத்தைந்து வருஷம் பயந்துகொண்டிருந்ததை ஒருவழியாகச் செய்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் நியாயமான முடிவு. உலகம் முழுக்கப் படுத்துக் கிடந்த கோடிக்கணக்கான படங்கள் அந்த மூன்று மாதத்தில் தானாக எழுந்து நின்றன. சுற்று வித்தை செய்து வைத்திருந்த என் போன்றவர்களின் படங்கள் மட்டும் படுத்தன. பிரவுசர் ஒரு கால் சுற்று சுற்றி அப்பாவை நிமிர்த்தியது, அதன்மேல் என் சி.எஸ்.எஸ் இன்னொரு கால் சுற்று சுற்றி அவரைச் சாய்த்தது. குற்றம் முழுக்க என்னுடையதுதான். ராத்திரி இரண்டு மணிக்குச் சரியான வழி தெரிந்தும் குறுக்கு வழியில் போனவன் நான்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய உட்கார்ந்தேன். ஜேபெக்டிரான் என்று ஒரு பழைய கருவி இருக்கிறது. ஜேபெக் படம் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். படத்தை முழுக்க விரித்துத் திரும்பச் சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் போகும். ஜேபெக்டிரான் அப்படி விரிப்பதில்லை. கட்டங்களை அப்படியே இடம் மாற்றி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எண்களைத் திருப்பி அடுக்கிவிடும். ஓடு பிரித்து வேய்கிற மாதிரி, ஓடு உடையாது. சுற்றினேன். எக்சிஃப் எண்ணை 6லிருந்து 1 ஆக மாற்றினேன். சி.எஸ்.எஸ் வரியை அழித்தேன். எல்லா பிரவுசரிலும் திறந்து பார்த்தேன். அப்பா நின்றார். புதுசு, பழசு, போன், லேப்டாப், எதிலும் ஒரே மாதிரி.

கோப்புகள் வரிசையாக இருக்கும் ஜன்னலில் மட்டும், குட்டிப் படத்தில், அவர் இன்னும் படுத்திருந்தார்.

இதற்கும் காரணம் எக்சிஃப்தான். கேமரா படம் எடுக்கும்போதே 160க்கு 120 பிக்சலில் ஒரு தபால்தலைப் பிரதியை எடுத்துக் கோப்பின் தலைப்பகுதிக்குள் ஒளித்து வைத்துவிடுகிறது. சீக்கிரம் காட்டுவதற்காக. பெரிய படத்தை யார் என்ன செய்தாலும், குட்டியைத் தனியாக மாற்றினால் ஒழிய அது மாறாது. ஜேபெக்டிரான் பெரியதைச் சுற்றியது. குட்டி பழைய கோலத்திலேயே கிடந்தது. அதை மட்டும் தனியே பிடுங்கி எடுத்து, அழிப்பதற்கு முன்னால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

2017இல் நான் வெட்டியதும் பெரிய படத்தைத்தான். குட்டி வெட்டுப்படவில்லை. வாளி இருந்தது. கூட்டம் இருந்தது. நான் யாரோ என்று நினைத்து வெட்டிய எண்ணெய்க் கையில் இரண்டு கண்ணாடி வளையல். கை ஒரு துண்டை நீட்டிக்கொண்டிருந்தது, அப்பாவின் ஈரத் தலையைப் பார்த்து. முகம் நாலைந்து பிக்சல்தான், ஆனாலும் எனக்குத் தெரியாதா.

லேப்டாப்பைக் கீழே தூக்கிக்கொண்டு போனேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். குட்டிப் படத்தை நான் இன்னும் நிமிர்த்தியிருக்கவில்லை. அப்பாவும் அருவியும் துண்டும் எல்லாம் ஒருக்களித்தே கிடந்தன. "இருங்கம்மா, திருப்பித் தாரேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் தலையைத் தோளோடு சாய்த்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"தொவட்டவே மாட்டாக" என்றாள்.